படுத்துப் பார்த்த கடல்

பதினாறாம் நாள் காலை அக்காவுக்குச் செய்ய வேலை எதுவும் இல்லாமல் போயிற்று. கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

அக்காவும் நானும் மூன்று வாரத்துக்கு மேல் நீளும் ஒரு கூடாரப் பயணத்தில் இருந்தோம். ஒரு பழைய கார், ஆளுக்கொரு சின்ன டென்ட், ஒரு கேஸ் அடுப்பு, இரண்டு தண்ணீர் கேன், அப்புறம் அக்காவின் நோட்டு. எந்த நாள் எங்கே தங்குவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, தண்ணீர் எங்கே பிடிப்பது எல்லாம் அந்த நோட்டில்தான். என்னைவிட ஏழு வயது மூத்தவள். சின்ன வயதில் எனக்குத் தலை வாரிவிட்ட அதே கண்டிப்போடுதான் இன்றைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு அலைகிறாள். பதினாறாம் நாளுக்கு நேரே ‘கடற்கரை, ஓய்வு’ என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு வேறு போட்டிருந்தாள். ஓய்வுக்குக்கூட ஸ்கேல்.

டென்ட் வாழ்க்கையைப் படத்தில் மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரியாது. அது முழுநேர வேலை. விடிந்ததும் பனியில் நனைந்த துணியைத் துடைக்க வேண்டும், காயவைக்க வேண்டும், வந்த பையிலேயே திரும்பத் திணிக்க வேண்டும். ஒரு டம்ளர் டீக்கு நாலு பெட்டியைத் திறந்து மூட வேண்டும். பதினைந்து நாள் இப்படியே ஓடிவிட்டால் கை சும்மா இருக்க மறந்துவிடுகிறது. உட்காரச் சொன்னால் உடம்பு உட்காருகிறது; கை எழுந்து போய் எதையாவது மடிக்கிறது.

முந்தின நாள் மாலை, இருட்டுக்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்திருந்தோம். கூடாரம் போட அனுமதி உள்ள கரைதான். ஆனால் எங்களைத் தவிர ஆள் இல்லை. கடற்கரையில் காய்ந்த பாசியும் சுள்ளியும் சிப்பியும் ஒதுங்கி, கரை நெடுக ஒரு கோடு போலக் கிடக்குமே, அந்தக் கோட்டைத்தான் முதலில் தேட வேண்டும். கடல் கடைசியாக ஏறி வந்த இடம் அது. அங்கே இரண்டு கோடுகள் இருந்தன. கீழே ஈரம் காயாத ஒன்று, மேலே மொறுமொறுவென்று உலர்ந்த பழைய கோடு ஒன்று. எனக்கு இருந்த களைப்பில் கீழ்க்கோட்டுக்கு மேலே நாலு எட்டு வைத்து அங்கேயே டென்ட்டை விரித்துவிடலாம் போல இருந்தது. அக்கா விடவில்லை. அமாவாசை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சூரியனும் நிலாவும் ஒரே நேர்கோட்டில் நின்று இழுப்பதால் கடல் வழக்கத்தைவிட உயரமாக ஏறும். அந்த உச்சமும் அமாவாசையன்றே வராமல், பல கரைகளில் ஒன்றிரண்டு நாள் பிந்தித்தான் வரும்.

“நேத்து வந்த இடத்தோட அது நிக்கும்னு உனக்கு எழுதிக் கொடுத்துச்சா?” என்று கேட்டுவிட்டு, மேல்க்கோட்டையும் தாண்டிப் பத்தடி நடந்து போய்ப் பையை இறக்கினாள்.

மணலில் டென்ட் முளை நிற்காது. அடித்தால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும், அதே சுகத்தோடு வெளியேயும் வரும். அதனால் துணிப்பைகளில் மணலை நிரப்பி, வாயைக் கயிற்றால் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் பையையே புதைத்து, அந்தக் கயிற்றில் டென்ட்டை இழுத்துக் கட்ட வேண்டும். மேலே உள்ள மணலின் எடையே பிடித்துக்கொள்ளும். இரண்டு டென்ட்டுக்கு எட்டுக் குழி. அக்கா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தோண்டினாள். நான் முணுமுணுத்துக்கொண்டு தோண்டினேன்.

ஆக, பதினாறாம் நாள் விடிந்தபோது மடிக்க டென்ட் இல்லை, போக ஊர் இல்லை. ஆறு மணிக்கே எழுந்துவிட்ட அக்கா டீ போட்டாள், பாத்திரம் தேய்த்தாள், காரின் பின்பெட்டியைக் காலி பண்ணி மறுபடியும் அடுக்கினாள். எட்டு மணிக்கு அழுக்குத் துணிகளை ஒரு வாளியில் போட்டுக்கொண்டு கடலை நோக்கி நடந்தாள். நல்ல தண்ணீரைத் துணிக்குச் செலவழிக்க அவளுக்கு மனசு இல்லை.

கடல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, வெள்ளையாக, பிசுக்குப் பிசுக்கென்று ஒரு கசடைத்தான் தரும். அக்கா தேய்த்தாள், தேய்த்தாள். என் நீலச் சட்டையில் தயிர் கொட்டினது போல ஆயிற்று. துவைத்து உலர்த்தினாலும் அது சரியாக உலராது; ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது, துணியில் தங்கிவிடும் அந்த உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சட்டை அடுத்த ஐந்து நாளும் நமத்த அப்பளம் மாதிரிதான் இருந்தது.

“அக்கா, நோட்டுல ஓய்வுன்னு போட்டிருக்கே.”

“ஓய்வுதான்டா எடுத்துக்கிட்டிருக்கேன், பேசாம இரு.”

ஒன்பதரைக்குக் கடல் நன்றாக வற்றியிருந்தது. அன்று முழுக்க ஃபோனைத் தொடுவதில்லை என்று காலையில் காருக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். ஆனால் நேரம் தெரியாமல் இருக்கவும் முடியவில்லை. சமையல் பெட்டியிலிருந்து அக்காவின் நீளமான மரக்கரண்டியை எடுத்துப்போய், தண்ணீர் கடைசியாகத் தொட்டுத் திரும்பும் இடத்தில் பாதிக்கு மேல் புதையும்படி நட்டேன். கடலையே கடிகாரமாக்கிக்கொள்ளலாம் என்று எண்ணம்.

இந்தக் கடிகாரம் ஒரே வேகத்தில் ஓடாது. வற்றம் முடிந்து ஏற்றம் உச்சிக்கு வர ஆறு மணி நேரமும் ஒரு பன்னிரண்டு நிமிடமும் ஆகும். படகுக்காரர்களிடம் இதற்கு ஒரு பழைய மனக்கணக்கு உண்டு. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கிக்கொள்ள வேண்டும். முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு ஏறும், அடுத்த மணியில் இரண்டு, அப்புறம் மூன்று, மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. மொத்தம் 120 சென்டிமீட்டர் ஏறும் கரை என்றால் முதல் ஒரு மணி நேரம் வெறும் 10 சென்டிமீட்டர்தான். கடல் தூங்குகிறது என்று நினைப்போம். மூன்றாவது மணியில் 30 சென்டிமீட்டர் எழும்பும். சரிவு குறைந்த மணலில் அந்த 30 சென்டிமீட்டர் பல மீட்டர் தூரமாக விரிந்து, நாம் விரித்த துண்டு, செருப்பு எல்லாவற்றையும் தேடிக்கொண்டு வரும்.

அக்கா துணியைப் பிழிந்துகொண்டே கரண்டியைப் பார்த்தாள். கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது, அதைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். இல்லையென்றால் கரண்டி அப்போதே தப்பித்திருக்கும்.

நண்டு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, மணல் நிறம். ஒன்றைப் பார்த்த பிறகுதான் நூறு தெரிந்தது. வற்றிய மணல் முழுக்க வட்ட வட்டமாகக் கோலம் போட்டது போல, மிளகளவு மணல் உருண்டைகள். ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் ஒரு வளை, அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல வெளியே போகும் கோடுகள். அக்கா குந்தி உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். அசையாமல் இருந்தால் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுகின்றன; நிழல் ஆடினால் வந்த கோட்டிலேயே நேராக வளைக்குள் ஓட்டம்.

எங்கள் காலருகே இருந்த நண்டு பக்கவாட்டில் நகர்ந்தபடியே இரண்டு கொடுக்காலும் மாறி மாறி மணலை வழித்து வாய்க்குள் தள்ளியது. மணற்பருக்கையில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்ப் படலம்தான் அதற்குச் சாப்பாடு. உள்ளே சலித்து எடுத்துக்கொண்டு, மிச்ச மணலை வாய்க்கு மேலேயே உருண்டையாகத் திரட்டுகிறது. உருண்டை போதுமான அளவு பெருத்ததும் ஒரு கொடுக்கால் கிள்ளியெடுத்து, கால்களுக்கு நடுவே பின்னால் தள்ளிவிட்டு, அடுத்த கவளம். சாப்பிட்ட மணலை உருட்டி வைப்பதால் ஒரே மணலை இரண்டாவது தடவை சலிக்க வேண்டியதில்லை. ஏற்றம் வருவதற்குள் முடித்தாக வேண்டும். தண்ணீர் கிட்டே வந்ததும் வளைக்குள் போய் வாயை மணலால் அடைத்துக்கொள்ளும். அலை வந்து அத்தனை உருண்டையையும் கரைத்துவிடும். அடுத்த வற்றத்துக்கு முதலிலிருந்து.

“இதுக்குத் தெரியுது பாரு, பாத்திரம் தேய்க்க வேண்டியதில்லைன்னு” என்றாள் அக்கா. பிழிந்த சட்டை அவள் மடியில் கிடந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. அவள் கால் மரத்துப்போய், எழுந்திருக்க என் தோளைப் பிடித்தாள். அந்தப் பயணத்தில் அவள் காரணமில்லாமல் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

திரும்ப நடக்கும்போது ஒன்று காட்டினாள். ஈர மணலில் அழுத்திக் கால் வைத்தால் காலைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்துக் காய்ந்தது போல ஆகிறது. காலை எடுத்தால் அந்த இடம் நீர் கோத்து நிற்கிறது. அழுத்தினால் தண்ணீர் வெளியே வரத்தானே வேண்டும்? இங்கே உள்ளே போகிறது. அலை தட்டித் தட்டி மணற்பருக்கைகளை நெருக்கமாக அடுக்கி வைத்திருக்கிறது. மிதித்ததும் அந்த அடுக்கு குலைகிறது, பருக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடைவெளி கூடுகிறது, அந்த இடைவெளியை நிரப்ப மேல்பரப்புத் தண்ணீர் கீழே இறங்குகிறது. ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1885-இல் இதை விளக்கி எழுதினார். எனக்கு இதைப் படித்த ஞாபகம் இருந்தது, சொன்னேன். அக்கா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஐம்பது வயதுக்காரி, ஒவ்வொரு காலாக அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டு, தன்னைச் சுற்றி வெள்ளை வட்டம் தோன்றித் தோன்றி மறைவதைப் பார்த்தபடி டென்ட் வரைக்கும் போனாள்.

பதினோரு மணிக்கு மேல் கடற்காற்று எழுந்தது. வெயிலில் தரை சூடாகிற வேகத்தில் கடல் சூடாவதில்லை. தரைமேல் உள்ள காற்று சூடேறி மேலே போக, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று புகுகிறது. பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து அம்புக்குறி போட்ட பாடம்தான். அந்த அம்புக்குறி நாங்கள் நிழலுக்குக் கட்டியிருந்த தார்ப்பாயின் இரண்டு மூலையை அவிழ்த்து, மூன்றாவது மூலையால் என் கன்னத்தில் ஓர் அறை விட்டது. அந்த இரண்டு மூலைக்கு மட்டும்தான் நான் சோம்பேறித்தனமாகப் பை புதைக்காமல் முளை அடித்திருந்தேன். அக்கா எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

தார்ப்பாயை மறுபடி கட்டி, சாப்பிட்டு முடித்து, நிழலில் படுத்தேன். அப்போதுதான் அந்தப் படகைப் பார்த்தேன்.

கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு சின்னப் படகு, உள்ளே இரண்டு பேர் நிற்கிறார்கள். தண்ணீர் ஓரத்தில் நின்று பார்த்தபோது முழுப் படகும் தெரிந்தது. அங்கேயே ஈர மணலில் கவிழ்ந்து படுத்துத் தாடையைக் கையில் வைத்துப் பார்த்தேன், படகைக் காணோம். இரண்டு ஆள்கள் மட்டும் கடல்மேல் நின்றுகொண்டிருந்தார்கள். எழுந்தால் படகு வருகிறது, படுத்தால் போகிறது.

பூமியின் வளைவுதான். கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேலே இருந்தால் அடிவானம் ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும். உட்கார்ந்தால் மூன்று கிலோமீட்டருக்கு வந்துவிடும். மணலில் தாடையைப் பதித்துப் படுத்தால் ஒன்றரை கிலோமீட்டர்தான் உலகம். அதற்கு அப்பால் இருப்பதன் கால்பக்கத்தைத் தண்ணீர் மேடு மறைத்துவிடுகிறது. பதினைந்து நாளாக முன்னூறு, நானூறு கிலோமீட்டர் என்று ஓடிக்கொண்டிருந்தவனுக்கு, வெறுமனே கீழே படுத்ததால் உலகம் இத்தனை சின்னதாகிவிட்டது நம்ப முடியாத சலுகை போல இருந்தது.

“அக்கா, இங்க வாயேன். படுத்துப் பாரு.”

“மணல் ஒட்டும்டா.”

“ஒட்டட்டும்.”

வந்தாள். படுத்தாள். எழுந்தாள். மறுபடி படுத்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் படுத்திருந்தேன். ஈரம் வயிற்றில் ஏறியது. அலை ஒன்று வந்து எங்கள் முழங்கையைத் தொட்டுப் போயிற்று. “கரண்டி மூழ்கியிருக்கும்” என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

“என்ன கரண்டி?”

சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். “என்னைச் சொன்னியே, நீ மட்டும் சும்மாவா இருந்தே? காலையிலேர்ந்து கடலுக்கு மணி பார்த்துக்கிட்டிருக்கே” என்றாள், கண்ணை மூடியபடி. அது உண்மைதான். அவள் துணி துவைத்தாள், நான் கடலை மேய்த்தேன்.

அதன் பிறகு கொஞ்ச நேரம் நீந்தினேன். அலை உடையாமல் அமைதியாக, கறுப்பாக ஒரு பட்டை தெரிந்த இடத்தைத் தவிர்த்துவிட்டேன். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பி உள்ளே ஓடும் வழி அது. தெரியாதவர்கள் அங்கேதான் ‘அலை இல்லை’ என்று இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாக நீந்தி அந்தப் பட்டையை விட்டு விலக வேண்டும். சரி, இது போதும். பிறகு தூக்கம். நிழலில்தான் தூங்கினேன், ஆனாலும் மாலையில் பாதத்தின் மேற்புறமும் தாடைக்கு அடியிலும் எரிந்தது. காய்ந்த கடல்மணல் புறஊதாக் கதிரில் 15 சதவீதத்தையும், கடல்நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. மேலே தார்ப்பாய் கட்டினேன். வெயில் கீழேயிருந்து வந்தது.

முக்கால் தூக்கத்தில் அக்காவின் குரல் கேட்டது. ஏற்றம் உச்சியைத் தொட்டிருந்தது. கீழ்க்கோட்டைத் தாண்டி, நான் முந்தின நாள் டென்ட் விரிக்க ஆசைப்பட்ட இடத்தின் மேல் ஒரு நுரை நாக்கு வந்து நக்கிவிட்டுத் திரும்பியது. அக்கா அதை எனக்குக் காட்டத்தான் எழுப்பியிருந்தாள். விரலால் மட்டும் காட்டினாள்.

மாலையில் கையை நீட்டி, சூரியனுக்கும் கடலுக்கும் நடுவே விரல்களைப் படுக்கவைத்து அளந்தோம். ஒரு விரலுக்குச் சுமார் கால் மணி நேரம். மூன்று விரல் இருந்தது. சூரியனின் அடிவிளிம்பு தண்ணீரைத் தொட்டபோது, “இப்ப அது உண்மையிலே கீழ போயாச்சு அக்கா. காற்று ஒளியை வளைச்சுக் காட்டுது, அவ்வளவுதான்” என்றேன்.

“அப்படின்னா நாம எதைப் பார்க்கிறோம்?”

பதில் யோசிப்பதற்குள் முழுசும் இறங்கிவிட்டது. மேலே மூன்றாம் பிறை, நகம் வெட்டிப் போட்டது போல. நோட்டு காலையிலிருந்து அடுப்புக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அதன்மேல் டீ டம்ளர் வைத்த வட்டக்கறை.

இரவு பத்து மணிக்குக் கடல் மறுபடி வற்றியிருக்கும் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினோம். காற்று இப்போது கரையிலிருந்து கடலுக்கு வீசியது. நட்ட இடம் எனக்கு நன்றாகத் தெரியும். இடப்பக்கத்துப் பாறைக்கும் எங்கள் காருக்கும் நேர்கோட்டில். அங்கே போய் வெளிச்சம் அடித்தால் ஒரு கைப்பிடி அளவு பள்ளம், அதில் தேங்கிய தண்ணீர். அலை சுற்றிச் சுற்றி வந்து கரண்டியின் காலடியில் மணலைப் பறித்திருக்கிறது. பக்கத்திலேயே நண்டுகள் உருட்டி வைத்த புது உருண்டைகள்.

“மரக்கரண்டி மிதக்கும்” என்றாள் அக்கா. “அது தெரியாதா உனக்கு?”

இத்தனை கணக்குப் போட்டவனுக்கு அது தோன்றவில்லை. பாறை வரைக்கும் போய்த் தேடினோம். ஒரு பிளாஸ்டிக் மூடி, ஒற்றைச் செருப்பு. கரண்டி இல்லை. நோட்டின்படி காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும், இருநூற்று எண்பது கிலோமீட்டர். அக்கா டார்ச்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருட்டிலேயே நின்றாள்.

“நாளைக்கும் இருந்து பகல்ல ஒருதடவை தேடிப் பார்த்துட்டுப் போகலாமாடா?”

“நாளைக்கு ஐம்பது நிமிஷம் பிந்தித்தான் வற்றும். பத்தே கால், பத்து இருபது ஆயிடும்” என்றேன்.

“ஆகட்டுமே” என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.